சூடாகாத ஜீப்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று வீட்டில் சொல்வார்கள். என் கணவரையும் என் அண்ணனையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புகைப் பரிசோதனைக்குப் போய்ப் பாருங்கள், உங்கள் மூக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் மாட்டு டாக்டர். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் போகிற வேலை காலியானபோது, நான்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மலைப்பாதையில் ஏறுகிற சொந்த வண்டி வேண்டும், அது புகைப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும் என்றார் அதிகாரி. அதற்கு இன்று மாலை வரைதான் கெடு. தேறாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும், எனக்கு மறுபடியும் அதே ஆபீஸ் நாற்காலிதான். அங்கே உட்கார்ந்து தடுப்பூசிக் கணக்கு எழுதி எழுதி, ஒரு மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுக்க மாட்டோமா என்று ஏங்கிப் போயிருந்தேன்.

ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். அண்ணன் அதில் ஒரு பழைய டெலிவரி வேனின் டீசல் இஞ்சினைப் பொருத்தி, உடம்பைத் தூக்கி உயர்த்தி, என் இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டியிருந்தான். எல்லாவற்றுக்கும் முறைப்படி அனுமதி வாங்கியாயிற்று. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, அண்ணனுக்குத் தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்.

கணவர் தையற்காரர். இருக்கைகளுக்கு உறை தைத்தது அவர் பங்கு. தடித்த நீல கான்வாஸ், உள்ளே பஞ்சு, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். மச்சானும் மாப்பிள்ளையும் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள். இன்றைக்கும் வழி நெடுக, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை.

பரிசோதனைக் கொட்டகை இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. தரையில் மஞ்சள் கோடு, மூலையில் சக்கரம் வைத்த மிஷின், அதன்மேல் ஒரு திரை. பரிசோதகர் சின்ன வயதுப் பெண். முகக்கவசம் தாடையில் தொங்கியது. ஜீப்பின் புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொன்னார்.

மிதித்தேன். கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. பின்னால் வரிசையில் நின்ற பால் வேன்காரர் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். திரையில் எண் சிவப்பாக வந்தது.

"இஞ்சின் சூடே ஆகலையே. பக்கத்துல இருந்தா வர்றீங்க?" என்றார் பரிசோதகர்.

"ஒரு மணி நேரமா ஓட்டிட்டு வர்றேன்."

அவர் எட்டிப் பார்த்தார். வெப்பம் காட்டுகிற முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"இது லாரி ரேடியேட்டர்."

"ஆமா," என்றான் அண்ணன் பெருமையாக. "ரெண்டு ஃபேன், நிக்கவே நிக்காது. தண்ணி சூடாகுற வரைக்கும் அடைச்சு வைக்கிற வால்வு ஒண்ணு இருந்துச்சு, அதையும் கழட்டிப் போட்டுட்டேன். எந்த மிஷினும் கூலா இருந்தாத்தாங்க ஆயுசு."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர்."

பரிசோதகர் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"டீசல் இஞ்சின் சூடாகலன்னா ஒழுங்கா எரியாது, புகையாத்தான் தள்ளும். சூடு பண்ணிட்டு வாங்க, இன்னொரு தடவை பாக்கலாம். அஞ்சு மணிக்கு மிஷினை நிறுத்திடுவேன்."

வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "நான் உங்கிட்ட ஜீப் கேட்டேனா, ஐஸ்பெட்டி கேட்டேனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஃபேன் வயர்களைப் பிடுங்கினான். வால்வு வீட்டில் கிடக்கிறது, போய் எடுத்துவர நேரமில்லை. ஃபேன் நின்றாலும் அவ்வளவு பெரிய ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும், சூடு தங்காது என்றான். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

"காத்தே போகாம மூடிட்டா?" என்றார் கணவர்.

யாரும் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்து, ஓட்டுநர் இருக்கையின் உறையை அதன் தையலிலேயே பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஐயோ, வேணாம் மாப்ள. எவ்வளவு அழகா தச்சிருக்கீங்க," என்றான் அண்ணன்.

கணவரின் கை அப்படியே நின்றது. "இதைத் தச்சு மாட்டுன அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன மச்சான், வாயில முத்து உதிர்ந்துடுமா?"

இருவருமாக உறையை ரேடியேட்டருக்கு முன்னால் இழுத்துக் கட்டினார்கள். காய்ச்சல்காரன் போர்த்திக்கொண்ட மாதிரி ஜீப் நின்றது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு செங்குத்தான மேடு. முதல் கியரில் போட்டு ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். உறை இல்லாத இருக்கையில் ஸ்பிரிங் என்னைப் பதம் பார்த்தது. எப்போதும் "மெதுவா, மெதுவா" என்று உயிரை எடுக்கிற கணவர், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு "விரட்டு, விரட்டு" என்றார். அண்ணன் என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அசையுது," என்றான். பிறகு, "ஏறுது மாப்ள."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேருமே சிரித்தோம். கடைசித் தடவை மேட்டின் உச்சிக்குப் போனபோது முள் நடுவுக்கு வந்து நிமிர்ந்து நின்றது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது பரிசோதகர் மிஷினின் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார்.

"காய்ச்சல் வந்துடுச்சா?"

"நல்லாவே வந்துடுச்சு," என்றேன்.

முள்ளைச் சரிபார்த்துவிட்டுக் கம்பியைச் செருகினார். மிதித்தேன். இஞ்சின் உறுமியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், கொட்டகைக்கு வெளியே ரோடு பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை. திரையில் எண் பச்சையாக வந்தது. அண்ணனும் கணவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பிறகு வெட்கப்பட்டு விலகிக்கொண்டார்கள்.

"போர்வையை இப்பவே கழட்டிடுங்க, இல்லன்னா கொதிச்சுடும். அந்த வால்வை மறக்காம மாட்டுங்க," என்று சான்றிதழை நீட்டினார் பரிசோதகர். அண்ணன் வாத்தியாரிடம் தலையாட்டுவதுபோல் ஆட்டினான்.

வெளியே வந்ததும் அவர்கள் போர்வையை அவிழ்க்க, நான் அதிகாரிக்குப் போன் போட்டேன். "வண்டி தேறிடுச்சு சார்."

"அப்ப அந்த வேலை உங்களுக்குத்தாம்மா. நாளைக்கு வந்து சேர்ந்துக்கோங்க. இன்னைக்குத்தான் பாவம், மேல ஒரு பண்ணையில மாடு கன்னு போட முடியாம தவிக்குதாம். யாரை அனுப்புறதுன்னு தெரியல."

மருந்துப் பெட்டி காலையிலேயே வண்டியில் ஏறியிருந்தது. நம்பிக்கையோ, திமிரோ, நான்தான் ஏற்றியிருந்தேன். பின்னால் திரும்பினேன். நான் எதுவும் சொல்லாமலே இருவரும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தப் பண்ணை சார்?" என்று கேட்டுக்கொண்டே சாவியைத் திருகினேன்.

அவர் பெயரைச் சொன்னார். "ஆனா நீங்க நாளைக்குத்தானேம்மா..." என்று இழுத்தார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னாரோ, இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.