திரும்பும்போது ஒரு சத்தம்

ராதமேஸ் ஓட்டும் ஷேர் டாக்சியில் அவன் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். சாண்டோ டொமிங்கோவில் ஆறு பேர் சேராமல் எந்த ஷேர் டாக்சியும் நகராது. முன் இருக்கையில் எட்டு மாத வயிற்றோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த யொகாஸ்தாவுக்கு முதல் முக்கிலேயே பகீரென்றது. அவன் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அவள் காலடியிலிருந்து 'கடக், கடக்' என்று சத்தம்.

"அண்ணே, சக்கரத்துல என்னமோ சத்தம் வருது. ஓரமா நிறுத்திப் பாருங்க."

நிறுத்துவானா? ரேடியோவில் ஓடிய பச்சாத்தா நடனப் பாட்டை இன்னும் கூட்டி வைத்தான். "இப்ப கேக்குதா?" என்று இளித்தான்.

பின்னால் ஒரே சிரிப்பு. "வயித்துல புள்ள இருந்தா எறும்பு நடக்குறதுகூடக் காதுல கேக்கும்," என்றாள் மடியில் வாழைக்காய்ப் பையோடு இருந்த ஃபெலிசியா அம்மா.

யொகாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள். அடுத்த திருப்பத்தில் அந்தச் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன பிரயோஜனம்?

"பாட்டைப் போடுப்பா! வேலைக்கு நேரமாச்சு, இவ வேற!" என்று கத்தினான் ஹோட்டல் சீருடை போட்ட ஒருவன். ஒருத்தருக்காவது சொரணை வேண்டாமா?

"அப்ப என்னை இறக்கி விடுங்க."

"பாலம் தாண்டி இறங்கிக்கம்மா," என்றான் ராதமேஸ். பாட்டு மறுபடி அலறியது.

பாலத்துக்கு ஏறும் வளைவில் முன்சக்கரம் உள்பக்கமாக மடங்கியது. கார் தரையை உரசிக்கொண்டு போய் நடைபாதைக் கல்லில் மோதி நின்றது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் பிரேக் போட்டது. யொகாஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். உள்ளே பிள்ளை உதைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

ராதமேஸ் முகம் வெளுத்துப்போய் இறங்கினான். "சக்கரத்தைத் தாங்குற பால் ஜாயின்ட் போச்சு, ஓட்டாதேன்னு மெக்கானிக் போன வாரமே சொன்னான். ஒரு நாள் ஓட்டம் கெட்டுடுமேன்னு..."

"தெரிஞ்சேவா எங்களை ஏத்துன, பாவி?" என்று அவன் சட்டையைப் பிடித்தாள் யொகாஸ்தா.

"விடும்மா, அதான் ஒண்ணும் ஆகலையே," என்று கையைப் பிடித்து இழுத்தாள் ஃபெலிசியா அம்மா.

யொகாஸ்தா வெடுக்கென்று திரும்பினாள். "ஒண்ணும் ஆகலையா? இவன் மட்டுமா குத்தவாளி? ஆபத்துன்னு சொன்ன வாயை அடைச்சது நீங்கதானே! கண்ணெதிர நடக்குற தப்பை நமக்கென்னன்னு விட்டா, நாளைக்கு விழுற பொணத்துக்கு நீங்களும்தான் பொறுப்பு!"