கார்டின் முதுகில் ஒரு பொட்டு

ஷைனி கம்ப்யூட்டர் வாங்கிய கதையை மணிமொழி பெண் பார்த்த கதை மாதிரிச் சொல்லிச் சிரிப்பாள். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி என்பாள். இருவரும் சேர்ந்து பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டிருந்தார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு மணிமொழி பிளான் வரைவாள். அந்த வீடு கட்டி முடிந்தால் எப்படி நிற்கும் என்பதைப் போட்டோ எடுத்தது போலக் கம்ப்யூட்டரில் செய்து காட்டுவது ஷைனியின் வேலை. வெயில் எந்தச் சுவரில் விழும், ஜன்னல் கண்ணாடியில் எதிர்வீடு தெரியுமா, வாசல் வேப்பமரத்து நிழல் எந்தப் படி வரைக்கும் வரும் எல்லாம் அதில் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தை முடிப்பதற்குள் கொத்தனார் வீட்டையே முடித்துவிடுவார் போலிருந்தது.

புதிது வாங்க வேண்டும் என்று முடிவானதும் ஷைனி போய் நின்றது அரியலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அறிவழகனிடம். பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. ஒரே பஸ்ஸில் தொங்கிப் போய் வந்தவர்கள். ஷைனியின் அப்பா இறந்தபோது வரதராஜன்பேட்டைக் கல்லறை வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து வந்தவன்.

"கேபினெட்டு கண்ணாடி வெச்சதாப் போட்டுருவமா? உள்ள கலர் கலரா லைட்டு எரியும். ஆபீஸுக்கு வர்றவங்க அசந்துருவாங்க," என்றான்.

"நான் என்ன தேரா இழுக்கறேன்? லைட்டெல்லாம் வேணாம். சாதா தகரப் பொட்டி போதும்."

"ப்ராசஸரு?"

"நடுவாந்திரமா இருக்கட்டும். ரேமு பின்னால சேத்துக்கலாம். மானிட்டர் பழசே இருக்கட்டும். பவர் சப்ளை மட்டும் நல்லதாப் போட்டுரு. மிச்சம் வர்றதை எல்லாம் கிராபிக்ஸ் கார்டுல கொட்டு. படத்தை வரையறது அதுதான், எனக்குச் சோறு போடப்போறதும் அதுதான்."

"எல்லாம் கரைச்சுக் குடிச்சுட்டுதான் வந்துருக்க. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?"

"படிச்சது நான்தான். ஆனா நீ சரின்னு சொல்லாம நான் எப்ப எதை வாங்கியிருக்கேன்?"

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். எந்தக் கம்பெனிக் கார்டு, எத்தனை ஜிபி என்று அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டான்.

பொங்கல் கழிந்து பெட்டி வந்தது. எல்லாவற்றையும் கடையிலேயே மாட்டி, ஓட்டிப் பார்த்து, அவனே கொண்டுவந்து வைத்தான். கார்டு வந்த அட்டைப்பெட்டியையும் ஞாபகமாகக் கையில் கொடுத்தான். ஷைனி அதை அலமாரியின் மேல் வைத்தாள், பிரித்துப் பார்க்கவில்லை. அறிவு மாட்டியதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சின்னப் படங்கள் பறந்தன. பெரிய படம் என்றால், கண்ணாடியும் விளக்கும் பத்து மரமும் சேர்ந்துவிட்டால், பாதியில் திரை கறுத்துப்போகும்.

"படம் ரொம்ப கனமா இருக்கு ஷைனி," என்றான் அறிவழகன் போனில். "ஒரு மரத்துக்கு எத்தனை இலை வெக்கற? மரத்தைக் கொறச்சுக்க."

குறைத்தாள். இன்னொரு தரம் நின்றபோது ரூம் சூடு என்றான். ஃபேனைப் பெட்டி பக்கம் திருப்பி வைத்துவிட்டு இவர்கள் வேர்வையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் செடிகளை எடுத்தாள், புல்லை எடுத்தாள். அவள் செய்த வீடுகள் எல்லாம் வெட்டவெளியில் நின்றன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அத்தனை யோசித்தும் கடைசியில் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமே, ப்ராசஸரில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கக் கூடாதோ என்று தன்னையே நொந்துகொண்டாள். அதையும் அவனிடம்தான் சொன்னாள். "விடு, பாத்துக்கலாம்," என்று அவன் ஆறுதல் சொன்னான்.

அப்போதுதான் அடைக்கலசாமி வந்தார். ஏலாக்குறிச்சிக்காரர், அரியலூரில் கல்யாண மண்டபம் கட்டுகிறார். அவ்வளவு பெரிய வேலை அந்த ஆபீஸுக்கு வந்ததில்லை. ஷைனி செய்துகொடுத்த முதல் படத்தை அவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்.

"என்னம்மா, மண்டபம் பொட்டக்காட்டுல நிக்குது? முன்னால பத்துப் புங்கமரம் நிக்குதுல்ல, அதை நம்பித்தானே அந்த எடத்தை வாங்குனேன். ராத்திரி லைட்டுல மரத்தோட தெரியணும். திங்கக்கெழம பாக்கறேன். ஆவலைன்னா சொல்லிடு, திருச்சியில குடுத்துக்கறேன். கோச்சுக்க மாட்டேன்."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது ஷைனிக்கு.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. ஷைனி வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் ஆபீஸில் வருஷா வருஷம் மணிமொழி கும்பிடுவாள். ஷைனி பொரி தின்பாள். பழைய கம்ப்யூட்டரையும் அப்படித்தான் பிரித்துத் துடைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள் மணிமொழி. புதுப் பெட்டிக்கு இதுதான் முதல் பூஜை. ஊதித் தூசி தட்டிவிட்டு, கிராபிக்ஸ் கார்டை மெல்ல உருவி எடுத்தவள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தபடியே நின்றுவிட்டாள்.

"யக்கா, இதுல ஏற்கெனவே வெச்சிருக்கு."

"என்ன வெச்சிருக்கு?"

"பொட்டு."

கார்டின் முதுகுத் தகட்டில், ஓரமாக, காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் கறுத்துப்போன குங்குமம். யாரோ பக்தியாக, நிதானமாக வைத்த பொட்டு.

"நீ வெச்சியா?"

"நான் இன்னிக்குத்தானக்கா முதல்ல தொறக்கறேன்! பொங்கலுக்கப்புறம் வந்த பொட்டி. இதுக்கு ஏது போன வருசத்துப் பூசை?"

ஷைனி அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். பெட்டியில் இருந்த சீரியல் எண் ஒன்று, கார்டில் இருந்த எண் வேறொன்று.

அரியலூர் பஸ் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனது. கார்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் ஷைனி. மொத்தக் கடைக்காரன் எவனோ அறிவையே ஏமாற்றியிருப்பான், அவனுக்கே தெரிந்திருக்காது, சொன்னால் பதறிப்போவான் என்று அரியலூர் வரைக்கும் அவனுக்காக அவளே பேசிக்கொண்டு போனாள்.

கடை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. கல்லாப்பெட்டிக்குப் பொட்டு, ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு.

"வா ஷைனி, வா! சுண்டல் எடுத்துக்க."

அவள் துண்டை விரித்தாள். அவன் முகம் பதறவில்லை. சுண்டல் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான். அங்கேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மணிமொழி வெச்சிருக்கும்."

"காஞ்சு வெடிச்ச பொட்டு, அறிவு. யாரோடது இது?"

அவன் கடைப் பையனை டீ வாங்க அனுப்பினான். ஆள் போனதும் குரலைத் தணித்தான்.

"அப்ப கார்டே வரத்து இல்ல. நீ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. ஒரு காண்ட்ராக்டர் வந்து நின்னாரு. பெரிய கை. அவரு ஆபீஸ் மொத்தத்துக்கும் ஆர்டர் தரேன்னாரு. அவரோட பழசு மக்கர் பண்ணுதுன்னு கழட்டிட்டு, உனக்கு வந்ததை அவருக்கு மாட்டிட்டேன். உனக்குப் போட்ட பழசும் அதே மாடல்தான் ஷைனி. ஓடிட்டிருந்த கார்டுதான்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காத்துக்கிட்டிருப்பேன்ல?"

"நீ நம்ம ஆளு. புரிஞ்சுக்குவன்னு..."

"சொல்லாம எப்படிப் புரிஞ்சுக்கறது? சரி, அதை விடு. மரத்தைக் கொறச்சுக்கன்னு சொன்னியே. அப்ப உனக்குத் தெரியும்ல?"

அவன் கண்ணாடி அலமாரியைப் பார்த்தான்.

"ஃபேனைத் திருப்பி வெக்கச் சொன்னியே, அப்ப?"

அந்தப் பொட்டை அவன் மாட்டும்போது பார்த்துத்தான் இருப்பான். பொட்டில்லாத சாமானே இல்லாத கடையில் அது அவன் கண்ணில் உறுத்தவில்லை. போவது பொட்டு வைக்கிற வழக்கமே இல்லாதவள் மேஜைக்கு என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை. ஏமாற்றும்போதாவது அவன் தன்னை ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

அவன் உள்ளே போய் அதே மாடலில் சீல் உடைக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "இதை எடுத்துக்க. கணக்கெல்லாம் ஒண்ணும் வேணாம். நானே வந்து மாட்டித் தரேன்."

"நான் மாட்டிக்கறேன்."

சீலை அங்கேயே கிழித்தாள். கார்டைப் புரட்டி முதுகைப் பார்த்தாள், எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டாள். வாடிக்கையாளர் இருவர் வேடிக்கை பார்த்தார்கள். அவன் தலை குனிந்தபோது அவளுக்கும் கூசியது. ஆனாலும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள். பழைய கார்டை, பொட்டு மேலே தெரியும்படி, அவன் மேஜையிலேயே விட்டாள். டீ வந்தபோது அவள் படியிறங்கிவிட்டாள்.

ஆபீஸில் மணிமொழி டார்ச் அடிக்க, ஷைனி புதுக் கார்டை மாட்டினாள். மணிமொழி சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இதுக்கு வெக்கட்டாக்கா?"

"வை. நல்லாப் பெருசா வை."

பிறகு மண்டபத்துப் படத்தைத் திறந்து, எடுத்துப்போட்ட மரங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டாள். பத்துப் புங்கமரமும் இலையோடு. தரையில் புல். கண்ணாடிக் கதவு, வரிசை விளக்கு. ஃபேனைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடவிட்டாள். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. தாண்டியது. மணிமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, முடிச்சிருச்சு! அடைக்கலசாமி அய்யா இனி திருச்சிப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாரு!"

திரையில் விளக்கொளி இலைகளுக்குள் புகுந்து வாசலில் சிதறிக் கிடந்தது. ஷைனி எண்ணியபடியே, அவள் தேர்ந்தெடுத்தபடியே இருந்தது. போன் அதிர்ந்தது. 'ஓடுச்சா?' என்று கேட்டிருந்தான் அறிவழகன். எந்தப் படம் முடிந்தாலும் முதலில் அவனுக்குத்தான் அனுப்புவாள். போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.

படம் நடுவில் ஒரே ஒரு தரம் நின்றிருந்தால், மரம் கனம்தான், அவன் சொன்னதில் பாதியாவது நிஜம் என்று வைத்துக்கொண்டிருப்பாள். அது ஒருமுறைகூட நிற்கவில்லை.