மெயினை மட்டும் தொடாதீங்க

ஏழு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. ரேடியோவோ கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. பிரிஜட் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டினால் அடங்கிவிட அதென்ன அழுகிற பிள்ளையா?

அவள் புருஷன் பெர்னார்ட் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வெள்ளிக்கிழமை அடித்த புயலில் அந்தக் கப்பல் வங்கக் கடலில் மூழ்கிவிட்டது. மீட்கப்பட்டவர்களை மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம்; ஏழு மணித் தமிழ்ச் செய்தியில் பெயர்களை வாசிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இங்கே சிங்கப்பூரில் கப்பல் ஏஜண்டு ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல இந்த ரேடியோவை விட்டால் நாதியில்லை.

ஜாலான் புசார் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாலகிருஷ்ணனைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"செட்டுல கோளாறு இல்ல தங்கச்சி. பேட்டரியிலதானே ஓடுது? பக்கத்துல ஏதோ கரண்ட் சாமான் இரைச்சல் கிளப்புது. மெயின் சுவிட்ச ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுவோம். சத்தம் நின்னா உங்க வீடு, நிக்காட்டி அடுத்த வீடு."

"மெயின மட்டும் தொடாதீங்கண்ணே!" பிரிஜட் குறுக்கே வந்து நின்றாள். "எங்க வீட்ல ஒண்ணுமில்ல. எல்லாம் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்தான்."

சொன்ன சூட்டோடு போய் சம்சுன்னிசாவின் கதவை இடித்தாள். தைத்துக்கொண்டிருந்த பெருநாள் துணிகளைப் போட்டது போட்டபடி அந்த அம்மாள் எழுந்து வந்தாள்.

"என் தாலி அறுந்தாலும் உங்களுக்குத் தையல்தான் பெருசா?" என்று பிரிஜட் கத்தினாள். பாவம், சம்சுன்னிசா மெஷின் சுவிட்சை அணைத்தாள். ஃபேன், ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும் அணைத்தாள். இரைச்சல் இம்மியும் குறையவில்லை.

ஏழடிக்க நான்கு நிமிடம். பாலகிருஷ்ணன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடிமேல் அடி வைத்து நடந்தார். சமையலறையில் சத்தம் இறங்கியது. கூடத்தில் ஏறியது. மூலைச் சுவரை நெருங்கியதும் காதைக் கிழித்தது. அங்கே திரு இருதய ஆண்டவர் படம் இருந்தது. படத்தின் அடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அதன் ஹோல்டர் கருகிப்போயிருந்தது.

"இதுதான். உள்ளுக்குள்ள பொறி அடிக்குது. அணைச்சிடுங்க."

பிரிஜட் பல்பை மறைத்துக்கொண்டு நின்றாள். "முடியாதுண்ணே. அவர் கப்பல் ஏறுன அன்னிக்கு நேர்ந்துக்கிட்டேன். அவர் திரும்பி வந்து வாசப்படி மிதிக்கிற வரைக்கும் இது அணையக்கூடாது. ஆறு மாசமா கண்ணப் போல காத்துட்டு இருக்கேன்."

"மெழுகுவத்தி ஏத்தி வச்சுக்கலாம்லா."

"நேர்ந்தது இந்த விளக்குக்குண்ணே! நான் அணைச்சு, அங்க அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

பாலகிருஷ்ணன் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அடுத்தவர் நேர்ச்சையில் அவர் எப்படிக் கை வைப்பார்?

மணி ஏழு. இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல், "மீட்கப்பட்டவர்களின் பெயர்கள்..." என்றது. பிறகு கரகர. ஒரு பெயர் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. போன பெயர் அவருடையதாக இருந்தால்?

"ஆண்டவரே, கோவம்னா என் மேல காட்டும். அவர விட்டுடும்!"

அவளே சுவிட்சைத் தட்டினாள். கொன்றுவிட்டோமோ என்றுதான் அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது.

கரகரப்பு பட்டென்று நின்றது. "நாகூர், அஹமது கபீர்" என்றது ரேடியோ. "தூத்துக்குடி, ஆம்ப்ரோஸ்." "சிங்கப்பூர், சமையல்காரர் சூசைநாதன் பெர்னார்ட்."

பின்னாலிருந்து இரண்டு கைகள் பிரிஜட்டைப் பிடித்துக்கொண்டன. சம்சுன்னிசா எப்போது உள்ளே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.

"அக்கா... உங்களப் போய் நான்..."

"சத்தம் போடாதே பிரிஜட்டு. மிச்சப் பேரையும் வாசிக்கட்டும்" என்றாள் சம்சுன்னிசா. "அவங்களுக்கும் வீட்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்கள்ல."

பிரிஜட் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் நின்றபடியே கடைசிப் பெயர் வரை கேட்டார்கள்.