மங்கலும் மொங்கோலும்

வங்காளத்துக் கிடர்பூர் கப்பல் டாக்கில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவன் கீழே இறங்கியதும் பேசித்தானே தீர்ப்பான்! அவர்களிலும் வேலாயுதத்தின் வாயை அடக்க ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன், இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தான் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் அந்த டப்பாவால் வந்த வினை. புது கிரேன்கள் வரப்போகின்றன, அதில் ஏறுகிறவன் முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். ஆபீஸ் மாடியில் ஓர் அறை. நடுவில் கிரேன் சீட் போலவே ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் லீவர். தலையில் கறுப்பாக ஒரு ஹெட்செட்டை மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் கண்ணுக்கு முன்னால் கப்பல், தண்ணீர், கன்டெய்னர் எல்லாம் வந்து நிற்கும். தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும். பாஸானவனுக்குப் புது கிரேன். ஃபெயிலானவன் கேட்டில் நின்று லாரி நம்பர் பார்த்து உள்ளே விட வேண்டியதுதான். பழைய கிரேன்களை உடைக்க ஆள் பார்த்தாயிற்று.

வேலாயுதத்துக்குக் கிரேன்தான் உயிர். மேலே ஏறி உட்கார்ந்தால் ஊரே காலடியில் கிடக்கும். அங்கே வந்து அவனை “ஏய்” என்று கூப்பிட ஒருத்தன் கிடையாது.

முதல் பயிற்சிக்கு முதல் ஆள் அவன்தான், வழக்கமான விபூதிப் பட்டையோடு போய் உட்கார்ந்தான். ஏசி அறை என்று பெயர், குளிர்ச்சியெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான். பயிற்சி கொடுக்கிற பெண் மௌஷுமி, ஹெட்செட்டை அவன் தலையில் மாட்டி, பின்னால் பட்டையை இறுக்கினாள். கப்பல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதன்மேல் பனி இறங்கின மாதிரி ஆனது. அப்புறம் கப்பல் எது, கரை எது என்றே புரியவில்லை.

“கி தாதா, சோப் டீக்?” என்றாள் மௌஷுமி. எல்லாம் சரியா அண்ணா என்று கேட்கிறாள்.

“டீக், டீக்,” என்றான் வேலாயுதம். புது மெஷின், அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து உட்கார்ந்தவன் ஹரிபதோ. பக்கத்து கிரேன்காரன், பல வருஷச் சிநேகிதன், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள். மாட்டின மாத்திரத்தில், “தூர்! எல்லாம் ஜாப்ஸா!” என்று கத்தினான். ஜாப்ஸா என்றால் மங்கல். மௌஷுமி தன் திரையைப் பார்த்தாள். திரையில் படம் பளிச்சென்று இருந்தது. கூட நின்ற ஆபீசர் உதட்டைப் பிதுக்கினார். “வயசாகிறதப்பா. கண் டெஸ்ட் முடியும்வரை கேட்டில் நில்.”

சாப்பாட்டு நேரத்தில் மௌஷுமி ஹெட்செட்டை வழக்கம்போலத் துடைத்து வைத்தாள். பிறகு வந்தவர்கள் எல்லாருமே நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள். போதாதா? கோளாறு தன் கண்ணில்தான் என்று வேலாயுதம் முடிவு கட்டிவிட்டான். நிஜ கிரேனில் ஏறிக் கப்பலின் பெயரை வாசித்துப் பார்த்தான், எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. தெரிந்தால் என்ன, உள்ளே புகுந்த பயம் சொன்னால் போகிற சாதியா?

வீட்டில் பெண்டாட்டி நாகம்மாவிடம் மட்டும் சொன்னான்.

“கண்ணுல என்ன கோளாறு? ஊர்க்கண்ணு பட்டிருக்கு, அம்புட்டுத்தான்,” என்றாள் அவள். “புது கிரேன் வருதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீகள்லா? வாங்க இப்படி.” மாடத்திலிருந்து விபூதி மரக்கிண்ணத்தை எடுத்து வந்து, மூன்று விரலாலும் அள்ளி, அவன் நெற்றியை அடைத்துப் பட்டை போட்டாள். “அசையாதீக. முருகன் பார்த்துக்கிடுவான்.”

இரண்டாவது பயிற்சியில் பனி இன்னும் சீக்கிரம் இறங்கியது. அந்தக் கறுப்புக்குள் அவனுடைய மூச்சே அவன் முகத்தில் சுட்டது. கன்டெய்னர் எங்கேயோ இடிக்கிற சத்தம் காதில் கேட்டது, எதில் இடித்தது என்று தெரியவில்லை. டப்பாவைக் கழற்றினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் கேட். கழற்றாமலிருந்தால் இந்தக் குருட்டுப் புகை. கிணற்றில் மாட்டிக்கொண்டவன் போலத் தவித்தான். அடக்கி வைத்திருந்த வார்த்தை, அவனையும் மீறி, தமிழிலேயே வாயிலிருந்து வந்துவிட்டது.

“ஐயோ, மங்கல்... ஒரே மங்கல்!”

“மொங்கோல்?” என்றாள் மௌஷுமி. “ஓ, மொங்கோல்பார்! டெஸ்ட் மொங்கோல்பார் வைக்கட்டுமா? ஓகே தாதா!”

மொங்கோல்பார் என்றால் செவ்வாய்க்கிழமை. சொல்லக்கூடாத உண்மையை ஒருவழியாகச் சொன்னால், அது போய்த் தேதியாக விழுந்தது! தெரிந்த வங்காளி வார்த்தை நாக்கு நுனியிலேயே இருந்தது. ஹரிபதோவைக் கேட்டுக்கு அனுப்பின வார்த்தை. அதை அவன் விழுங்கிவிட்டான்.

நாகம்மாவுக்குக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. “செவ்வாக்கிழமையா! முருகனுக்கு உகந்த நாளுல்லா! உங்க பேரே வேலாயுதம். இனி என்ன பயம்?” டெஸ்ட் அன்று காலையில் அவள் போட்ட பட்டை, நெற்றியை நிறைத்துப் புருவத்திலும் உதிர்ந்தது.

டெஸ்ட் தொடங்கியது. இந்த முறை பனிகூட இல்லை, ஒரே வெள்ளை. வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. முடிந்தது கதை என்று வேலாயுதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மௌஷுமிக்குப் போன் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். அவன் மெதுவாக ஹெட்செட்டைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் அதன் உள்பக்கத்தைப் பார்த்தான்.

நெற்றியில் அழுந்துகிற கறுப்புப் பஞ்சில், அச்சுக் குத்தினது போல வெள்ளையாக மூன்று கோடு. கீழே இரண்டு லென்ஸிலும் விபூதி, வியர்வையில் குழைந்து அப்பிக் கிடந்தது.

அடப்பாவி! கண்ணுமில்லை, கண்ணேறுமில்லை. அவசரமாகச் சட்டை முனையால் லென்ஸைத் துடைத்தான். ‘முருகா, மன்னிச்சுக்கோ’ என்று நெற்றியையும் அழித்துத் துடைத்தான். மறுபடி மாட்டினான். கப்பல் ஆணி ஆணியாகத் தெரிந்தது. பெட்டிகளை எடுத்துப் பூப்போல வைத்துக் காட்டினான்.

“பாஸ், தாதா!” என்று கை தட்டினாள் மௌஷுமி.

இறங்கி ஓடினான். சொல்வதற்கு முதலில் ஞாபகம் வந்தவன் ஹரிபதோதான். கேட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தவன் விஷயத்தைக் கேட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மனசார சந்தோஷப்பட்டான், அதுதான் கொடுமை.

“உன் கண் கண்தான், வேலுதா! எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கொபாலேர் தோஷ்,” என்று ஹரிபதோ தன் நெற்றியில் விரலால் தட்டிக்கொண்டான்.

வங்காளிகளுக்குக் கொபால் என்றால் விதியும்தான், நெற்றியும்தான். விதியின் குற்றம் என்று ஹரிபதோ சொன்னான். நெற்றியின் குற்றம் என்று வேலாயுதத்தின் காதில் விழுந்தது. அன்றைக்கு முதல் ஆள் யார்? அடுத்து அதே டப்பாவை மாட்டினவன் யார்?

சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோனது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால், தெரியாததைத் தெரிகிறது என்று மூச்சுவிடாமல் புளுகினவனை நம்பிப் புது கிரேனை யார் கொடுப்பார்கள்? அந்தக் கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு வந்தோம் என்று நினைத்தானே, அது இன்னும் தலையை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. ‘இவனுக்குக் கண் டெஸ்ட் நடக்கும், அவர்களே தெரிந்துகொள்வார்கள், நமக்கென்ன’ என்றுகூட நினைத்தான். சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

தூரத்து வளைவில் ஒரு லாரி திரும்பியது. ஹரிபதோ அங்கிருந்தபடியே அதன் நம்பரை உரக்க வாசித்து, உள்ளே இருந்தவனுக்குக் குரல் கொடுத்தான். அத்தனை தூரத்து எழுத்தை வாசித்துவிட்டோம் என்றே அவனுக்கு உறைக்கவில்லை.

வேலாயுதம் அவன் கையைப் பிடித்து இழுத்தான். “வா மேலே.”

“எதுக்கு? லாரி நிற்குது வேலுதா!”

“கொபாலேர் தோஷ்தான். ஆனா உன் கொபால் இல்லை. என்னோடது.”

மாடியில் மௌஷுமி அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். ஆபீசரும் இருந்தார்.

“ஜாப்ஸா,” என்றான் வேலாயுதம். “முதல் நாளிலிருந்தே ஜாப்ஸா. எனக்கும்தான்.” விபூதி அப்பியிருந்த சட்டை முனையை விரித்துக் காட்டினான்.

மௌஷுமி அந்தச் சாம்பலையும் அவனுடைய வெறும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆபீசர் கம்ப்யூட்டரைக் காட்டினார். அவள் அவனுடைய ரிசல்ட்டை அழித்தாள். பிறகு ஹெட்செட்டை நன்றாகத் துடைத்து ஹரிபதோவிடம் நீட்டினாள்.

கீழே லாரிகள் ஹார்ன் அடித்துத் தள்ளின. நம்பர் பார்க்க யாராவது வேண்டுமே. வேலாயுதம் படியிறங்கிப் போய்க் கேட்டில் நின்றான்.