மருந்தில்லாத சன்னம்

பேரின்பநாதன் என்னை 'அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கியது 1986 கார்த்திகையில். அதற்கு முதல் அவன் வாயில் நான் வெறும் 'மட்டக்களப்பான்'. மரியாதை வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வந்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் போய்விட்டது.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஓர் அறையும் குசினியும் கொண்ட வீட்டில் மூன்று பேர் இருந்தோம். பேரின்பம் யாழ்ப்பாணம், டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான். கிறகரி மன்னார், ஜான்-டலோன் சந்தையில் பெட்டி இறக்கினான். வீட்டுக்கு யார் வந்தாலும் பேரின்பம் என் பாயைக் காட்டி, "அதிலை இருந்திடாதேங்கோ, ஒட்டிவைச்சிடுவான்" என்பான். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவனை ஊர் திரும்பவிடாமல் பாயோடு ஒட்டிவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும் பழைய பகிடி. "உன்ன ஒட்டிவெச்சா ஆர்டா சமைக்கிற?" என்று நானும் விடமாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்கென்று இருந்த ஒரே சூடு அதுதான்.

நான் வாழைச்சேனைக் காகித ஆலையில் லேத் மெசினில் நின்றவன். இங்கே மொஸ்யூ ரொபர் என்பவரின் பட்டறையில் வேலை கிடைத்தது. வேட்டைக்காரர்களுக்கு ஆளுக்கேற்றபடி துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டில் 'லேத் வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்த வருடம் ஊரில் ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. எங்களில் இரண்டு பேர் சந்தித்தால் ஊர் கேட்போம், தெரு கேட்போம், எந்த இயக்கம் என்று மட்டும் கேட்கமாட்டோம். அதற்குள் நான் ஏன் துவக்கைக் கொண்டுபோக வேண்டும்?

அப்போது ஒரு பல்வைத்தியரின் துவக்கு எங்கள் கையில் இருந்தது. காட்டில் மூஸ் என்ற பெரிய மானைச் சுடுவதற்கு. அதில் போடும் குண்டு அவருக்குக் கூர்மூக்குச் சன்னமாகத்தான் வேண்டுமாம், பார்க்க எடுப்பாக இருக்கிறதாம். மூஸ் என்ன அழகு பார்த்தா சாகிறது? அடர்ந்த காட்டில் கிட்ட நின்று சுடுவதற்கு மொட்டைமூக்குப் பாரச் சன்னமே சரி என்று ரொபர் ஒரே பிடியாக நின்றார். பல்வைத்தியரும் சம்மதித்தார். அந்தச் சன்னம் கோதுக்குள், மருந்து அடைக்கும் பித்தளைக் கூட்டுக்குள், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை.

இதற்கு வெடிமருந்து போடுவதில்லை, அடியில் அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லை. வெறும் கோதில் சன்னத்தை இருத்தி, மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கி, துவக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நீட்டம் கூடினால் குழலுக்குள் ஓடும் திருகுவரிகள் முட்டிக் கறுப்பில் கீறல் விழும். எடுத்து, மயிரளவு உள்ளே தள்ளி, திரும்பவும் கறுப்பாக்கி ஏற்ற வேண்டும். கீறல் மறைந்த பிறகும் கொஞ்சம் தள்ளி, சன்னத்துக்கும் வரிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விடுவார் ரொபர். முழு நாளும் அதில் போனது. பின்னேரம் கீறலே இல்லாமல் கறுகறுவென்று வந்தது. ரொபர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையாட்டினார், கோட்டைப் போட்டுக்கொண்டு மனைவியிடம் போய்விட்டார்.

எனக்கு அதை யாருக்காவது காட்ட வேண்டும்போல இருந்தது. ஆலையென்றால் பக்கத்து மெசின்காரனைக் கூப்பிட்டிருப்பேன். ரொபர் போக முதல் கேட்டு வாங்கியிருந்த அந்த மருந்தில்லாத சன்னத்தைக் கோதோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பேரின்பத்துக்குக் காட்டலாம், அவன் ஏதாவது பகிடி விடட்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்ததும் அது விழுந்து குசினிக்குள் உருண்டது. முட்டை பொரித்துக்கொண்டிருந்த பேரின்பத்தின் காலடியில் போய் நின்றது. கிறகரி பாட்டுப் பெட்டியை நிறுத்தினான். பேரின்பம் குனிந்து எடுத்தான், சாரத்தில் துடைத்தான், இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணை, உங்கடை... விழுந்திட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது வெடிக்காதுடா. வேட்டத் துவக்குச் செய்ற பட்டறையிலதான் எனக்கு வேல."

"ஓமண்ணை. ஆரும் கேட்டால் அப்பிடியே சொல்லுறம்."

அன்றைக்குப் பொரித்த முட்டையில் பெரியது என் கோப்பைக்கு வந்தது. ஹீட்டர் பக்கத்து இடம் எனக்கு வந்தது. நான் உள்ளே போனால் கதை நின்றது. கழுவ வைத்த என் கோப்பை கழுவியபடி இருந்தது. ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "நான் ஒரு இயக்கமும் இல்லடா, மடையனுகளா!" என்று கத்தினேன். கத்தினதும் இன்னும் பயந்தார்கள். இயக்கம் இல்லாதவன் இப்படிக் கத்துவானா?

சனிக்கிழமை பேரின்பத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கண்ணால் பார்த்தால் பழைய வாய் திரும்பும் என்று நம்பினேன். மெழுகுதிரியைக் காட்டினேன், கறுப்பைக் காட்டினேன், வெறும் கோதைக் காட்டினேன். பல்வைத்தியர்கூட அன்றைக்கு வந்து துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்து முடித்த பேரின்பம் சொன்னது ஒன்றுதான்: "ஓமண்ணை."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, கேக்கக்கூடாது, தெரியும். என்ரை தம்பி நகுலேஸ்வரன். எண்பத்திநாலிலை வீட்டைவிட்டுப் போனவன். ஒரு தகவலும் இல்லை."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு அந்தக் குளிரில் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அவன்ரை கதை முடிஞ்சுதெண்டால் சொல்லுங்கோ. நான் தாங்குவன். அம்மாவுக்கு எழுதோணும்."

அவன் தலைமயிரில் பனி விழுந்து படிந்தது. இனி ஆயிரம் தரம் தெரியாது என்றாலும் அவன் காதில் விழப்போவது ஒன்றுதான்: தம்பி செத்துவிட்டான். எனக்கு அவனோடு பழையபடி வாய்காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தெரிந்தவன் மாதிரிப் பதில் சொன்னால் அந்த ஆசை அதோடு முடிந்தது என்று நன்றாகத் தெரிந்தது.

"இருக்கிறான்," என்றேன். "கடிதம் போட ஏலாத இடம். தொப்பியப் போடு."

பேரின்பம் என் இரண்டு கையையும் பிடித்து அழுதான். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காவல் மாதிரி நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் என் பாயை அவனே உதறி விரித்தான். நான் ஓர் ஓரமாக ஒதுங்கி இருந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினேன்.

"இதில இரடா. ஒட்டாது."

அவன் சிரிக்கவில்லை.

"இல்லையண்ணை," என்றான். "நான் நிக்கிறன்."