காற்றுப் போனாலும் ஓடுகிற டயர்

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பின்சீட்டில் படுத்திருந்த தம்பி சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் தாடை இறுகுவது கண்ணாடியில் அக்காவுக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். வழியில் பதினேழு வேகத்தடைகள். தோண்டி மூடிய இடங்களுக்குக் கணக்கே இல்லை. முதுகெலும்புக்குள் புற்று இறங்கிவிட்டவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு தனி அடி.

"மெதுவாதான்டா போறேன்."

"நீ என்ன பண்ணுவ. ரப்பர் டயரா இது? கட்ட."

அந்தக் கட்டையைத் தேடிப் பிடித்தவனே அவன்தான். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவன். புருஷனை விட்டுப் பிரிந்து வந்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற அக்கா, ஆளில்லாத ரோட்டில் ஒண்டியாக வந்து போகிறாளே என்று, பழைய கார் விற்கிற இடமெல்லாம் ஒரு மாதம் அலைந்தான். ரன்ஃபிளாட் டயர் போட்ட வண்டியாகப் பார்த்து வாங்க வைத்தான். "ஆணி குத்தினாலும் நிக்காதுக்கா. காத்தே இல்லாம எண்பது கிலோமீட்டர் ஓடும். எவன் தயவும் வேணாம்" என்று தானே செய்து கொடுத்த மாதிரி பெருமையடித்துக்கொண்டான். காற்றில்லாதபோதும் வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டுமே, அதனால் அந்த டயரின் பக்கங்கள் கல் மாதிரி இருக்கும். அப்போது அது இருவருக்கும் ஒரு குறையாகவே படவில்லை.

சாதா டயருக்கு மாற்றிவிடலாம் என்று அவள் பேச்செடுத்தபோதெல்லாம், நிற்கவே முடியாதவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"இந்த வண்டியில ஸ்டெப்னிக்கு இடமே கெடையாது. நான் இன்னும் எத்தன தடவ வரப்போறேன்? அதுக்கப்புறம் நீதான ஓட்டணும்?"

எத்தனை தடவை என்பது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வாராவாரம் அவன் ரத்தத்தின் எண்களைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவளே அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அவனிடம் சொல்லாமல் டயர் கடைக்குப் போனாள். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"பாதிகூடத் தேயலயே மேடம், எதுக்கு மாத்துறீங்க?"

"கூட வர்றவருக்கு முதுகு வலி. தூக்கிப் போடுது."

"முதுகு வலின்னா டாக்டரல்ல பாக்கணும்!" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

பழைய டயர்கள் லேசில் கழலவில்லை. இரண்டு ஆட்கள் வியர்க்க வியர்க்க நெம்பினார்கள். புதியவை சொன்னபடி கேட்டன. கூடவே வாங்கிய ஸ்டெப்னியை வைக்கக் குழி இல்லாததால், ஜாக்கியையும் ஸ்பேனரையும் சேர்த்து டிக்கியில் படுக்கப் போட்டுக் கட்டிவிட்டார்கள். அங்கே இருந்த சக்கர நாற்காலியை மடக்கி முன்சீட்டுக்கு மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முதல் வேகத்தடை வந்தது, போனது. கண்ணாடியில் பார்த்தாள். அவன் வண்டியின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்திட்டியா?"

"ம். வலிக்குதா?"

"வலிக்குது. ஆனா அடிக்கல."

திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புற்றுக்கு ஏற்றுகிற மருந்து இனி வேண்டாம் என்றார். வலிக்கு ஊசி போட நர்ஸ் வீட்டுக்கே வருவார், இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை.

"அப்போ அடுத்த செவ்வாய்க்கிழம?" என்று கேட்டாள்.

"வர வேணாம்மா."

வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. நாலு டயரும் புதுக் கறுப்பு மாறாமல் நின்றன. பின்கதவைத் திறந்து, அவனைத் தூக்கி ஏற்றக் குனிந்தாள்.

"இரு. டிக்கியத் தொற. ஸ்பேனர எடு."

"இப்ப எதுக்குடா?"

"டயர் மாத்தத் தெரியுமா உனக்கு?"

"யாரையாவது கூப்பிட்டுக்கறேன்."

"யார?" என்றான்.

அவள் டிக்கியைத் திறந்தாள்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தச் சொன்னான். மூச்சு வாங்கியது. "ஜாக்கி அப்புறம். சக்கரம் தரையில இருக்கறப்பவே போல்ட்ட இளக்கிடணும். பிடி எடப்பக்கமா இருக்கட்டும். கீழ அமுக்கு."

அமுக்கினாள். கடையில் மெஷின் வைத்து முறுக்கியிருந்தார்கள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். வண்டி எடுக்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "நான் பண்ணட்டுமா?" என்றார். தம்பி அவர் பக்கம் திரும்பாமலே, "வேணாங்க, அவங்க பழகட்டும்" என்றான். அவர் போய்விட்டார்.

"கையால வராதுக்கா. மேல ஏறி நில்லு."

செருப்பைக் கழற்றினாள். வெந்துகொண்டிருந்த கூரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஸ்பேனர்மேல் வைத்தாள்.

"இன்னொரு காலையும் வை. பயப்படாத. முழுசா நில்லு."

தரையிலிருந்து அந்தக் காலையும் எடுத்தாள். பாதத்தில் கம்பி பதிய, தன் பாரம் மொத்தத்தையும் அதன்மேல் இறக்கி நின்றாள். நாற்காலியின் கைப்பிடியை அவனும் அழுத்திப் பிடித்திருந்தான்.

போல்ட் அசையவில்லை.