சம்பந்தி கூப்பிட்ட ஆட்டம்

"போனோமா, பேசினோமா, வந்தோமான்னு இருக்கணும். அங்க போய்க் குரலை உயர்த்தாதீங்க" என்று மனைவி கார் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் லிஃப்ட் இன்ஜினியர் அன்று காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் கணவன் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கேட்டால், "ஆபீஸ் இங்கேர்ந்து பக்கம்ப்பா" என்கிறாள். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போன் கிடையாது. மனைவியைக் கேட்டால், "விடுங்க, அவளே சொல்லுவா" என்று துணி மடிக்கப் போய்விடுகிறாள். லிஃப்ட் நடுவழியில் நின்றால் எங்கே கோளாறு என்று பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பாத மனுஷர் அவர். தன் வீட்டுக்குள்ளேயே இப்படி மூடி மூடி வைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அப்பா, கண் டாக்டர், போன் செய்தார்.

"சம்பந்தி, நீங்களும் கோல்ஃப் ஆடறவர்தானே? ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புக்கு வாங்களேன். ஆடிக்கிட்டே பேசலாம்."

பேசலாம் என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இன்ஜினியர் அடுத்த ஊருக்குக் காரை விரட்டிக்கொண்டு வந்தார்.

அவர் வழக்கமாக ஆடும் மைதானம் மொட்டை வெளி. காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் நின்ற இடத்திலிருந்தே எல்லாக் குழியின் கொடியும் தெரியும். இங்கேயோ எங்கு பார்த்தாலும் மரம். இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றது போதாதென்று, சில மரங்கள் வழி நடுவிலேயே வந்து நின்றன. பூங்கா என்று நினைத்து உலாத்தப் போனால் அருமையான இடம். கையில் மட்டையோடு போனவனுக்குத்தான் சங்கடம்.

"பையன் எப்படி இருக்கான்?" என்று பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் இன்ஜினியர் ஆரம்பித்தார்.

"இருக்கான், இருக்கான். நீங்க அடிங்க முதல்ல. பின்னாடி ஆள் வர்றாங்க."

அடித்தார். பந்து நேராகத்தான் போனது. போய் ஒரு தடித்த மரத்தில் டொக்கென்று மோதி, போன வேகத்தில் பாதியோடு திரும்பி வந்து, அவர் காலடிக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தது.

"அந்த மரத்துக்கு வலப்பக்கமா அடிக்கணும்" என்றார் டாக்டர். "சொல்லணும்னு நினைச்சேன்."

அதுதான் அன்றைய நாளின் லட்சணம். டாக்டர் நல்ல மனிதர், ஒல்லியாக, வெள்ளைத் தொப்பியும் பொறுமையுமாக இருப்பார். ஆனால் எந்த யோசனையையும் பந்து போய் விழுந்த பிறகுதான் சொன்னார். இரண்டாவது குழியில் பந்து மணல் பள்ளத்துக்குள் போனதும், "அங்க ஒரு பள்ளம் இருக்கு" என்றார். மூன்றாவதில் புதருக்குள் போனதும், "இந்தப் புதர்ல போன பந்து கிடைக்கவே கிடைக்காது" என்றார். கிடைக்கவில்லை. இன்ஜினியர் முழங்கையெல்லாம் முள் கீறலோடு வெளியே வந்தார்.

"எம் பொண்ணு விஷயமா ஒரு வார்த்தை..."

"ஷ்ஷ்" என்று டாக்டர் உதட்டில் விரல் வைத்தார். பக்கத்துக் குழியில் யாரோ குனிந்து பந்தைத் தட்டப் போகிறார்களாம். இன்ஜினியர் வாயை மூடிக்கொண்டு, முகம் தெரியாத ஒரு ஆளின் பந்து உள்ளே விழும் வரை தவம் கிடந்தார். அது விழவும் இல்லை.

நான்காவதிலும் கேட்டுப் பார்த்தார். டாக்டர் இந்த மரங்களை யார் நட்டார்கள், எது எப்போது இலை உதிர்க்கும் என்று விளக்கினார். ஐந்தாவதில் கேட்டார். புல் வெட்டும் இயந்திரம் குறுக்கே வந்தது. ஆறாவதில் கேட்கவில்லை. கோபத்தில் அடித்த அடியில் பந்து ஒரு கிளைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்க இவ்வளவு வருஷம் ஆடறேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல" என்றார் டாக்டர், உண்மையான வியப்போடு. இன்ஜினியருக்கு அந்த மரத்தை வேரோடு பிடுங்கினால் தேவலை போல இருந்தது.

அடுத்த குழிக்கு முன்னால் ஒரு குளம். இன்ஜினியரின் பந்து குளத்தைப் பார்த்ததும் ஆசையோடு உள்ளே போனது. "பரவால்ல, எடுத்துடலாம்" என்று டாக்டர் பையிலிருந்து நீளக் கம்பு ஒன்றை உருவினார். நுனியில் கரண்டி மாதிரி ஒரு வளையம். கரையில் மண்டியிட்டுத் துழாவினார். ஒரு பந்து வந்தது, வேறு யாருடையதோ. இன்னொன்று வந்தது; அதுவும் வேறு யாருடையதோ. ஒவ்வொன்றையும் கால்சட்டையில் துடைத்து, உற்றுப் பார்த்து, புல்லில் வரிசையாக வைத்தார். திரும்பவும் கம்பை விட்டார்.

அத்தோடு இன்ஜினியரின் பொறுமை கழன்றுவிட்டது.

"சம்பந்தி! நான் பந்து பொறுக்க வரல. எம் பொண்ணு வாழ்க்கையைப் பத்திப் பேச வந்தேன். காலையிலேர்ந்து கேக்கறேன், மரத்தைக் காட்டறீங்க, பள்ளத்தைக் காட்டறீங்க. உங்க பையன் என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்கான்?"

பக்கத்து மரத்திலிருந்து பறவைகள் எழும்பிப் போயின. டாக்டர் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவங்க பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, சம்பந்தி."

"யாரு?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று இன்ஜினியருக்கு உறைத்தது.

"ரெண்டு பேரும் சேந்தே போய் வக்கீலைப் பாத்துட்டாங்க. இதை உங்ககிட்ட நான் சொல்லணும்னு ஏற்பாடு."

"ஏற்பாடா? யாரு பண்ணின ஏற்பாடு?"

"உங்க வீட்டம்மாவும் எங்க வீட்டம்மாவும் போன்ல பேசி... நான் நிதானமா எடுத்துச் சொல்லுவேன், வெளி இடம்னா நீங்களும் கத்த மாட்டீங்கன்னு."

"அப்போ அவளுக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். உங்க மச்சினருக்குக்கூட."

"எம் மச்சினனுக்கா!" மகள் பிரிகிறாள் என்பதைவிட, எந்த ரகசியமும் வயிற்றில் தங்காத அந்த மச்சினனே ஒரு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான் என்பதுதான் அந்த நிமிஷத்தில் அவரை அதிகம் சுட்டது.

"முதல் குழியிலேயே சொல்லிடத்தான் இருந்தேன்" என்றார் டாக்டர். "நீங்க மரத்துல அடிச்சீங்க. அந்த நேரத்துல சொல்ல மனசு வரல. சரி, ஒரு குழியாவது நல்லா ஆடட்டும், அந்தச் சந்தோஷத்துல இருக்கும்போது சொல்லலாம்னு காத்திருந்தேன். நீங்க..." சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

இன்ஜினியர் பையை அங்கேயே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். காருக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி புல். ஒரு மேட்டைத் தாண்டியதும் தலைக்கு மேல் ஒரு பந்து விர்ரென்று போனது. தூரத்திலிருந்து ஒரு பெண்மணி மட்டையை ஆட்டிக் கத்தினாள். "எந்தக் குழி ஆடறீங்க நீங்க?"

"நான் ஆடவே இல்லம்மா!" என்று அவரும் கத்தினார்.

ஓரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. வேறு வழி தெரியாமல் அதில் உட்கார்ந்தார். கல்யாணத்தன்று மகள் காதோரம் வந்து, "அழாதீங்கப்பா, எனக்கும் அழுகை வருது, என் கண் மை கலைஞ்சா போட்டோ நல்லா வராது" என்று சொன்னது, காரணமே இல்லாமல் ஞாபகம் வந்தது. அவ்வளவு பேசுகிற பெண். அப்பாவிடம் சொல்ல மட்டும் ஊரைக் கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் இரண்டு பைகளையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தார்.

"பார்வை இனிமே திரும்பாதுன்னு எத்தனையோ பேருக்கு முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கேன்" என்றார். "இது வாயில வரல, சம்பந்தி. எம் பையன்தான், இல்லேங்கல. ஆனா உங்க பொண்ணு வந்த அப்புறம்தான் எங்க வீட்ல சாப்பிடற மேஜையில பேச்சுச் சத்தமே கேட்டுது. அவ கிளம்பின அன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. வீட்ல யாருக்கும் தெரியாது. காரை ஒரு ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்."

இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றியிருந்த டாக்டரின் தலைமுடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கால்சட்டை முழங்காலில் குளத்துச் சேறு. அந்த மனுஷர் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருக்கத்தான் ஆசை; ஆனால் முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"எதனாலயாம்? அதையாவது சொன்னானா?"

"எனக்குச் சொல்லல. உங்க பொண்ணு உங்களுக்குச் சொல்லுவா. கேக்கற மாதிரி கேட்டா."

"இனிமே உங்களை நான் என்னன்னுதான் கூப்பிடறது?" என்று இன்ஜினியர் சிடுசிடுத்தார்.

டாக்டர் யோசித்தார். "தெரியலையே" என்றார்.

இருவரும் எழுந்து காருக்கு நடந்தார்கள். மிச்சக் குழிகளை யாரும் நினைக்கவில்லை. டாக்டர் இன்ஜினியரின் பையைத் தானே தூக்கிக் காரின் டிக்கியில் வைத்தார். கை கொடுப்பதா, கும்பிடுவதா என்று இருவருமே தடுமாறி, கடைசியில் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"ஒரு மாசம்" என்றார் அவர். "என்கிட்ட மட்டும்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே காரை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பீங்க."

"நின்னாத்தான் என்ன?"

"அவதான் வேண்டாம்னு சொன்னா. அவ கேட்டுக்கிட்டதாலதான் நானும் பேசாம இருந்தேன். எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வந்துதுன்னு நினைச்சீங்களா?" மனைவியின் குரல் உடைந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மகள் உள்ளறையில் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், அடி விழப்போகிற குழந்தை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் மேஜையோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார். "நான் குறுக்கே பேசல."

"கத்த மாட்டீங்களே?"

"அதெல்லாம் தெரியாது. நீ சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். "சண்டையெல்லாம் இல்லப்பா. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல..."

அவர் உடனே ஏதோ கேட்க வாயைத் திறந்தார். திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.